டயக்னோசிஸ் கார்ட்டில் எழுதாமல் விடப்படும் நோய்: வன்னித் தாய்மாரும் 'ஓ-43' என்ற இலக்கமும்

குழந்தை பெற்று, வாட்டில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தாயின் கையில் ஒரு டயக்னோசிஸ் கார்ட் கொடுக்கப்படுகிறது. அதில் நாலைந்து வரி ஆங்கிலம் இருக்கும். எங்கள் ஊர்களில் ஆங்கிலக் கடதாசி எதுவானாலும் அதை வாசித்துச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் ஆசிரியர்களின் தலையில்தான் விழும். வங்கிக் கடிதம், வெளிநாட்டு வேலை ஒப்பந்தம், நீதிமன்ற அழைப்பாணை என்ற வரிசையில் இந்தக் கார்ட்டும் வரும். அப்படி வாசித்துக் கொடுத்தவற்றில் ஒரு விடயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. 'எல்.எஸ்.சி.எஸ்' என்று எழுதியிருக்கும், அதாவது சிசேரியன். ஏன் சிசேரியன் செய்தார்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டால், "கொடி கீழ இருந்ததாம் டீச்சர், ரத்தம் போய்க்கொண்டே இருந்திச்சு, ரெண்டு பை ரத்தம் ஏத்தினாங்க" என்பார். கார்ட்டில் அந்தக் கதை இல்லை. செய்த சிகிச்சையின் பெயர் இருக்கிறது, நோயின் பெயர் இல்லை.

இந்தச் சின்ன விடுபடல் இரண்டு இடங்களில் வினையாகிறது. ஒன்று, அதே பெண்ணின் அடுத்த பிரசவம். மற்றையது, கொழும்பில் தயாராகும் சுகாதாரப் புள்ளிவிபரம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு குறியீட்டு முறை. அதைப் பற்றி நமது சமூகத்தில் பேசப்படுவது மிகவும் குறைவு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நமது உம்மாமார் நச்சுக்கொடி என்று சொல்வதைத்தான் பாடப்புத்தகத்தில் சூல்வித்தகம் என்று படிக்கிறோம். (மாட்டுக்கு வந்தால் அது இளங்கொடி; சாக்கில் கட்டிப் பால் வடியும் மரத்தில் தொங்கவிடுவதை வன்னியில் பார்த்திருப்பீர்கள்.) பிரசவ நேரத்தில் ஏறத்தாழ அரைக் கிலோ நிறையுள்ள இந்த உறுப்பு, ஒன்பது மாதமும் குழந்தைக்கு நுரையீரலாகவும் சிறுநீரகமாகவும் குடலாகவும் வேலை செய்கிறது. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் கருப்பைக்கு ஒரு நிமிடத்துக்குப் பாயும் குருதி அரை லீற்றருக்கும் மேல். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கொடி இருக்கக்கூடாத இடத்தில் இருந்தாலோ, கழரக்கூடாத நேரத்தில் கழன்றாலோ, கழர வேண்டிய நேரத்தில் கழராமல் ஒட்டிக்கொண்டாலோ, நாம் மணித்தியாலக் கணக்கில் யோசித்துக்கொண்டிருக்க முடியாது என்பது விளங்கும்.

இருக்கக்கூடாத இடத்தில் இருப்பதை வைத்தியர்கள் 'பிளசென்டா பிரீவியா' என்கிறார்கள். கொடி கருப்பையின் அடிப்பக்கத்தில், குழந்தை வெளியே வரும் வாசலை மூடியபடியோ அதற்கு மிக அண்மையிலோ படிந்திருக்கும். பெரும்பாலும் வலி இருக்காது. செக்கச் செவேலென்ற குருதி மட்டும் திடீரென்று போகும். வலி இல்லாததால் "கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்" என்று வீட்டில் வைத்துக்கொள்வது நடக்கிறது, அது ஆபத்து. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 20ஆவது வாரமளவில் எடுக்கும் ஸ்கேனில் "கொடி கீழே இருக்கிறது" என்று சொன்னவுடன் வீடே கலங்கிப் போகிறது. அப்படிச் சொல்லப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேரளவில், கருப்பை வளர வளரக் கொடியும் மேலே போய்விடும். அதனால்தான் 32ஆவது வாரமளவில் மறுபடி பார்க்கிறார்கள்.

கழரக்கூடாத நேரத்தில் கழருவது 'அப்ரப்ஷன்'. குழந்தை உள்ளே இருக்கும்போதே கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்துவிடும். இதில் வலி கடுமையாக இருக்கும். வயிறு பலகை போல இறுகும். குருதி வெளியே வராமல் உள்ளேயே தேங்கிவிடவும் கூடும். ஆகவே வெளியில் தெரியும் குருதியின் அளவை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. உயர் குருதியமுக்கம் இதன் முக்கிய காரணங்களில் ஒன்று. வயிற்றில் அடிபடுவது இன்னொன்று. மோட்டார் சைக்கிளில் விழுவதும் அடிபடுவதுதான், வீட்டுக்குள் விழும் அடியும் அடிதான். பின்னையது ஒருபோதும் கார்ட்டுக்கு வருவதில்லை.

மூன்றாவது, ஒட்டிக்கொள்வது. 'அக்ரீட்டா' என்று தொடங்கும் வகை இது. குழந்தை பிறந்ததும் தானாகக் கழன்று வர வேண்டிய கொடி, கருப்பைத் தசைக்குள் வேர்விட்டிருக்கும். சில வேளை தசையையும் தாண்டிச் சலப்பை வரை போயிருக்கும். முன்னர் செய்த சிசேரியன் தழும்பின் மேல் கொடி படிவதுதான் இதற்குப் பெரிய வாசல். அமெரிக்காவில் 30,000க்கும் மேற்பட்ட சிசேரியன்களை ஆராய்ந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வின் எண்கள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. கொடி கீழே படிந்திருந்த பெண்களில், முதலாவது சிசேரியனின்போது இப்படி ஒட்டியிருந்தது நூற்றுக்கு 3 பேருக்கு. இரண்டாவதின்போது 11. மூன்றாவதின்போது 40. நான்காவதின்போது 61. நாலைந்து பிள்ளைகள் சாதாரணமாக இருக்கும் ஒரு சமூகம் இந்த வரிசையை இரண்டு முறை வாசிக்க வேண்டும். ஒரு சிசேரியன், இரண்டு சிசேரியன் என்று எண்ணுவது மட்டும் போதாது. ஒவ்வொன்றிலும் கொடி எங்கே இருந்தது, அதைக் கழற்றக் கஷ்டப்பட்டார்களா என்பது அடுத்த வைத்தியருக்குத் தெரிய வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் குருதியையும், மயக்க மருந்து நிபுணரையும், தீவிர சிகிச்சைக் கட்டிலையும் ஒழுங்கு செய்துகொண்டு, வலி தொடங்கும் முன்பே, 35, 36 வாரமளவில் திட்டமிட்டுச் சத்திரசிகிச்சை செய்ய முடியும். தெரியாமல் வயிற்றைத் திறந்த பிறகு கண்டுபிடித்தால் நிலைமை முற்றிலும் வேறு.

இனிக் குறியீட்டுக்கு வருவோம். ஐ.சி.டி என்பது உலகத்தில் உள்ள நோய்களுக்கெல்லாம் இலக்கம் கொடுக்கும் ஒரு பட்டியல். 1893இல் ஜாக் பெர்ட்டியோன் என்ற பிரெஞ்சுப் புள்ளிவிபரவியலாளர் தயாரித்த மரணக் காரணப் பட்டியலில் இருந்து வளர்ந்தது. அது மரணங்களை மட்டும் எண்ணியது. 1948இல் உலக சுகாதார அமைப்பு பொறுப்பேற்று வெளியிட்ட ஆறாவது திருத்தத்தில்தான் உயிரோடு இருப்பவர்களின் நோய்களும் உள்ளே வந்தன. நமது வைத்தியசாலைகள் பயன்படுத்திவரும் பத்தாவது திருத்தம் அங்கீகரிக்கப்பட்டது 1990 மே மாதத்தில். (வடக்கு முஸ்லிம்களுக்கு அந்த வருடத்தின் ஒக்டோபர் மட்டும்தான் நினைவிருக்கும். அதே 1990 இன்று அம்புலன்ஸ் அழைக்கும் இலக்கமாகவும் இருக்கிறது. இலக்கங்களுக்கு நமது நினைவுகள் தெரிவதில்லை.)

இந்தப் பட்டியலில் கர்ப்பம், பிரசவம், பிரசவத்துக்குப் பிந்திய காலம் ஆகியவற்றுக்கான அத்தியாயம் ஆங்கில 'ஓ' எழுத்தில் தொடங்குகிறது. எழுத்து ஓ, சைபர் அல்ல. சூல்வித்தகக் கோளாறுகளுக்கு ஓ-43. அதற்குள், ஒரே கொடியைப் பகிரும் இரட்டைக் குழந்தைகளில் ஒன்றின் குருதி மற்றதற்குப் போய்விடும் நிலைமை போன்றவை ஓ-43.0. கொடியின் அமைப்புக் குறைபாடுகள் ஓ-43.1. ஒட்டிப்பிடித்த கொடி ஓ-43.2. கீழே படிந்த கொடிக்குத் தனி எண், ஓ-44: குருதி போகாவிட்டால் 44.0, போனால் 44.1. முன்கூட்டியே கழருவது ஓ-45. அதனால் குருதி உறையாமல் போனால் 45.0.

இங்கே ஒரு சுவாரசியமான தகவல் இருக்கிறது. பத்தாவது திருத்தம் முதலில் வந்தபோது 43.2 என்ற எண்ணே இருக்கவில்லை. ஒட்டிப்பிடித்த கொடியெல்லாம் பிரசவத்துக்குப் பிந்திய குருதிப்போக்கான ஓ-72இலோ, வெளிவராமல் தங்கிவிட்ட கொடியான ஓ-73இலோ போய் ஒளிந்துகொண்டது. அதாவது பிரசவம் நடந்த பிறகுதான் அந்த நோய்க்கு ஒரு பெயர் இருந்தது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே ஸ்கேனில் கண்டுபிடித்தால் அதற்குப் பொருத்தமான பெட்டி இல்லை. சிசேரியன்கள் பெருகி, இந்த நோயும் பெருகிய பிறகுதான் தனி எண் சேர்க்கப்பட்டது. பட்டியல்கள் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ எண்ணிப் பார்த்து, போதாது என்று சொன்னதால் மாறுகின்றன.

கொடியில் தொடங்கும் எல்லா நோயும் ஓ-43இல் இருப்பதாகவும் நினைக்க வேண்டாம். பிரசவ வலிப்புக்கு முந்திய உயர் குருதியமுக்க நோயின் வேர் கொடியில்தான் என்று மருத்துவம் சொல்கிறது. ஆனால் அதன் எண் ஓ-14. கொடி சரியாக உணவு கொடுக்காததால் குழந்தை வளராமல் போவது ஓ-36.5. முத்துப்பிள்ளைக் கர்ப்பம் ஓ-01. இணையத்தில் தேடினால் ஓ-43.213 என்ற மாதிரி நீண்ட இலக்கங்கள் வரும். அவை அமெரிக்கா தனக்காக நீட்டிக்கொண்ட பட்டியல். கடைசி இலக்கம் கர்ப்பத்தின் எத்தனையாவது மூன்று மாதம் என்பதைச் சொல்கிறது. நமது கார்ட்டோடு அதை ஒப்பிட்டுக் குழம்பத் தேவையில்லை.

புள்ளிக்குப் பின்னால் வரும் 8க்கும் 9க்கும் ஒரு விசேடம் உண்டு. வகுப்பு இடாப்பு எடுக்கும் ஆசிரியருக்கு இது உடனே விளங்கும். 8 என்றால், பெயர் தெரிந்த பிள்ளை, ஆனால் தனிக் கதிரை இல்லை. "ஏனையவை" வாங்கில் இருக்கிறது. 9 என்றால், பிள்ளை வந்தது, பெயர் யாருக்கும் தெரியாது. ஓ-46.9 என்பது அப்படியொரு பிள்ளை: பிரசவத்துக்கு முந்திய குருதிப்போக்கு, காரணம் குறிப்பிடப்படவில்லை. ஒரு வைத்தியசாலையின் திரட்டில் 9கள் கூடிக்கொண்டு போனால் அங்கே நோய் புதிராக இருக்கிறது என்று அர்த்தமில்லை. எழுதுபவருக்கு நேரமில்லை என்றோ, கேட்பதற்கு ஆளில்லை என்றோ அர்த்தம்.

எண் எப்படிப் போடப்படுகிறது? வாட்டில் கட்டிலோடு தொங்கும் பீ.எச்.டீயில் வைத்தியர் இறுதி நோயறிதலை எழுதுகிறார். நோயாளி வீடு போன பிறகு அது வைத்தியசாலையின் பதிவேட்டு அறைக்குப் போகிறது. அங்குள்ள மருத்துவப் பதிவு உத்தியோகத்தர் அந்தச் சொற்களை ஐ.சி.டி எண்ணாக மாற்றி, உள்ளக நோயாளர்களின் நோய், மரணத் திரட்டில் சேர்க்கிறார். ஐ.எம்.எம்.ஆர் என்பது அதன் சுருக்கம். அது சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்குப் போய், நாட்டின் வருடாந்த சுகாதார அறிக்கையில் அட்டவணையாக வெளிவருகிறது. பதிவு உத்தியோகத்தர் நோயாளியைக் கண்டதில்லை. எழுதியிருப்பதற்குத்தான் அவர் எண் போட முடியும். விடைத்தாளில் எழுதாத பதிலுக்குப் புள்ளி போட எந்த ஆசிரியராலும் முடியாது, அதுபோலத்தான்.

'எல்.எஸ்.சி.எஸ்' என்று மட்டும் எழுதும்போது என்ன நடக்கிறது என்பதை இப்போது பாருங்கள். சிசேரியன் பிரசவத்துக்கு ஓ-82 என்று ஓர் எண் இருக்கிறது. பிரசவ முறையைக் குறிக்கும் ஓ-80 முதல் ஓ-84 வரையான எண்களை, அந்த அத்தியாயத்தில் வேறு எந்த நோயும் பதிவாகவில்லை என்றால் மட்டுமே பிரதான நோயாகப் போட வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பின் விதி சொல்கிறது. விதி சரியானது. ஆனால் வைத்தியர் கொடியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாவிட்டால், உத்தியோகத்தருக்கு முன்னால் இருப்பது சிசேரியன் மட்டும்தான். அவர் ஓ-82 போடுவார். இரண்டு பை குருதி ஏற்றப்பட்ட அந்தப் பெண், திரட்டில் எந்தச் சிக்கலும் இல்லாத சிசேரியன்காரி. ஓ-44.1இன் கீழ் ஒருவர் குறைந்துபோனார்.

இதற்காக வாட்டில் இருக்கும் இளம் வைத்தியர்களைத் திட்ட எனக்கு விருப்பமில்லை. அதிகாலை இரண்டு மணிக்குச் சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து வந்து, காலையில் பத்துப் பேருக்குக் கார்ட் எழுதும் ஒருவர், செய்த வேலையின் பெயரை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவது மனித இயல்பு. பத்தாம் தர விடைத்தாள் நாற்பது திருத்தியவர்களுக்கு அந்தச் சோர்வு தெரியும். ஆனால் நோயின் பெயரை எழுத எடுப்பது இரண்டு சொல். கேட்க வேண்டியதும் அந்த இரண்டு சொல்தான்.

வன்னியில் இது இன்னொரு மடங்கு சிக்கலாகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இருக்கின்றன. 2024 மே மாதத்தில் நெதர்லாந்தின் உதவியோடு கிளிநொச்சியில் பெண்களுக்கான விசேட சிகிச்சை நிலையமும் திறக்கப்பட்டது. இவை சின்ன விடயங்கள் அல்ல. இருந்தாலும் குருதிப்போக்கோடு வரும் ஒரு பெண், கிராமத்துப் பிரதேச வைத்தியசாலையிலிருந்து மாவட்ட வைத்தியசாலைக்கும், சில வேளை அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கோ அனுராதபுரத்துக்கோ அனுப்பப்படுவது இன்றும் நடக்கிறது. மாங்குளம் வீதியிலும் பரந்தன் வீதியிலும் அம்புலன்ஸ் போகும் அந்த நேரத்தில் திரட்டுக்கு என்ன ஆகிறது? முதல் வைத்தியசாலை அவரை 'குருதிப்போக்கு' என்று மட்டும் எழுதி அனுப்பிவிடும், ஓ-46.9. கடைசி வைத்தியசாலையில் கொடி கீழே இருப்பது உறுதியாகி ஓ-44.1 போடப்படும். ஐ.எம்.எம்.ஆர் எண்ணுவது வைத்தியசாலையை விட்டு வெளியேறும் நிகழ்வுகளை, ஆட்களை அல்ல. எனவே ஒரு பெண், இரண்டு இடத்தில், இரண்டு நோயோடு எண்ணப்படுகிறார். அதோடு அந்த எண்ணிக்கை அவர் வசிக்கும் மாவட்டத்தின் கீழ் வராது. வைத்தியசாலை இருக்கும் மாவட்டத்தின் கீழ்தான் வரும். முல்லைத்தீவுப் பெண்ணின் நோய் யாழ்ப்பாணத்தின் அட்டவணையில் ஏறுகிறது. பிறகு ஒரு நாள், முல்லைத்தீவில் குருதி வங்கிக்கோ நிபுணருக்கோ எவ்வளவு தேவை என்று யாராவது அட்டவணையைத் திறந்து பார்த்தால், அங்கே இந்த நோய் குறைவாகத்தான் தெரியும். வசதி இல்லாததால் அனுப்பப்பட்டவர்கள், அனுப்பப்பட்டதாலேயே கணக்கில் இல்லாமல் போகிறார்கள்.

தொலைந்த பதிவுகள் இன்னொரு கதை. 2008, 2009இல் வைத்தியசாலைகளே மக்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்தன. அந்தக் காலத்திலும், பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இருந்தபோதும் பிள்ளை பெற்ற பெண்கள் பலரிடம் அந்தச் சிசேரியனைப் பற்றிய ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. வயிற்றில் தழும்பு மட்டும் இருக்கிறது. அப்போது இருபது வயதில் பிள்ளை பெற்றவர்கள் இன்று நாற்பதை நெருங்குகிறார்கள். வயதும், முன்னைய சிசேரியனும், பிள்ளைகளின் எண்ணிக்கையும் கொடி கீழே படியும் வாய்ப்பைக் கூட்டுபவை. கடைசிப் பிள்ளையோடு கிளினிக்குக்கு வரும் அவர்களுக்குத்தான் பழைய பதிவு அதிகம் தேவைப்படுகிறது.

நமது சமூகத்துக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. 1990இல் வெளியேற்றப்பட்டவர்கள் 2009க்குப் பிறகு தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா என்று திரும்பி வந்தாலும், பல குடும்பங்களுக்குப் புத்தளத்தில் ஒரு வீடும் வன்னியில் ஒரு வீடுமாகத்தான் வாழ்க்கை போகிறது. முதல் பிள்ளை புத்தளத்தில், இரண்டாவது வவுனியாவில், மூன்றாவதுக்கு உம்மா வீட்டோடு இருக்க மறுபடி புத்தளம். எச்-512 என்ற கர்ப்பிணித் தாய்ப் பதிவேட்டில் ஒரு பிரதி தாயிடம், மற்றது குடும்பநல உத்தியோகத்தரிடம் இருக்கும். தாய் ஊர் மாறினால், அவரிடம் இருக்கும் பிரதி போகாத இடத்துக்கு அவரது கதையும் போகாது. வைத்தியசாலைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் என்று நம்பி அட்டையை அலுமாரியில் வைத்துவிட்டு பஸ் ஏறுகிறோம். அவை அப்படிப் பேசிக்கொள்வதில்லை. நமது கையில் இருக்கும் கடதாசிதான் அவற்றின் பேச்சு.

இனிக் கஷ்டமான இடம். தாய் மவுத்தாகிவிட்டால் என்ன செய்வது என்பது.

இலங்கை இந்த விடயத்தில் பெருமைப்பட வேண்டிய நாடு. 1940களின் முற்பகுதியில் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 1,500க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அண்மைய காலத்தில் அது 30, 40 என்ற மட்டத்துக்கு வந்திருக்கிறது. இந்த இறக்கத்துக்குக் குடும்பநல உத்தியோகத்தர்களும் வைத்தியசாலைகளும் எவ்வளவு காரணமோ, ஒவ்வொரு தாய் மரணத்தையும் தனித்தனியாக விசாரித்துப் பதிவு செய்யும் முறையும் அவ்வளவு காரணம். கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பின் 42 நாட்களுக்குள்ளோ நிகழும் மரணம் குடும்ப சுகாதாரப் பணியகத்துக்கு அறிவிக்கப்பட்டு, வீட்டிலும் வைத்தியசாலையிலும் விசாரிக்கப்பட்டு, மாவட்ட மட்டத்திலும் தேசிய மட்டத்திலும் ஆராயப்படுகிறது. தாய் மரணங்களுக்கு ஐ.சி.டி எண்ணை எப்படிப் போட வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2012இல் ஒரு தனி வழிகாட்டியையே வெளியிட்டது. அதன் சாரம் எளிது. 'குருதி போய் இறந்தார்' என்பது போதாது, எதனால் குருதி போனது என்று எழுத வேண்டும். கழன்ற கொடியா, ஒட்டிய கொடியா, சுருங்காத கருப்பையா? ஒவ்வொன்றையும் தடுக்கும் வழி வேறு.

காரணம் தெளிவில்லாதபோது பிரேத பரிசோதனை கேட்கப்படுகிறது. அந்த இடத்தில் நமது குடும்பங்கள் ஜனாஸாவை உடனே தரச் சொல்லிப் போராடுவது இயல்பு. தாமதிக்காமல் அடக்க வேண்டும் என்பது நமது கடமை. அதற்கு மேலாக, மரணச் சான்றிதழில் எழுதப்படும் ஒரு நோயின் பெயர் என்ன செய்யும் என்பதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, அந்தப் பெயர் கொவிட் என்றிருந்தால் ஜனாஸா எரிக்கப்பட்டது. அந்தக் காயத்தோடு இருக்கும் ஒரு சமூகத்திடம் "காரணத்தைச் சரியாக எழுத ஒத்துழையுங்கள்" என்று கேட்பது சுலபமில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் கேட்கிறேன். இளம் தாய் ஒருத்தி இறந்து, காரணம் 9 என்ற பெட்டிக்குள் போய்விட்டால், அவளது மரணத்தால் யாருக்கும் எந்தப் பயனும் கிடைக்காது, அவளது தங்கைக்கும்கூட. அடக்கத்தைத் தாமதப்படுத்தாமல் பரிசோதனையை விரைவாக முடித்துத் தரச் சொல்லி வைத்தியசாலை நிர்வாகத்துடன் பேச, ஒவ்வொரு ஊரிலும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர் பொறுப்பெடுத்தால், வாசலில் நின்று சத்தம் போடும் நேரம் மிச்சமாகும்.

பள்ளிவாசல்கள் இரத்ததான முகாம் நடத்துவதைப் பற்றி இங்கே செய்திகள் வருகின்றன. நல்ல விடயம். ஒட்டிய கொடிக்கான ஒரு சத்திரசிகிச்சையில் ஒரே பெண்ணுக்குப் பத்துப் பை குருதியும் போதாமல் போகலாம். கருப்பையையே அகற்ற வேண்டியும் வரலாம். அதற்கான சம்மதத்தைக் கணவனும் மனைவியும் அமைதியான நேரத்தில், நிபுணரிடம் கேள்வி கேட்டு முன்கூட்டியே பேசி வைத்திருப்பது, கூடத்து வாசலில் நின்றுகொண்டு வாப்பாவுக்கும் மாமாவுக்கும் தொலைபேசி எடுப்பதைவிட எவ்வளவோ மேல்.

பதினோராவது திருத்தம் 2022 ஜனவரி 1 முதல் உலகளவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் கர்ப்ப அத்தியாயத்தின் எண்கள் 'ஓ'வில் தொடங்காமல் 'ஜே'யில் தொடங்குகின்றன. நமது வைத்தியசாலைகள் அதற்கு மாறும் நாளில் ஓ-43ஐ மறந்துவிடலாம். ஆனால் எந்தப் பட்டியலாக இருந்தாலும் அதற்குள் போவது கட்டிலருகே எழுதப்படும் சொல்தான்.

துண்டு வெட்டும் நாளில் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. "டொக்டர், எதுக்காக சிசேரியன் செஞ்சீங்க என்டதையும் கார்ட்ல எழுதித் தாங்க, கொடி எங்க இருந்திச்சு, எவ்வளவு ரத்தம் ஏத்தினீங்க என்டும் போடுங்க" என்றால் போதும். மரியாதையாகக் கேட்டு மறுத்த வைத்தியரை நான் கண்டதில்லை. கார்ட்டை வாங்கியதும் தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக் கணவனுக்கும் உம்மாவுக்கும் அனுப்பி வையுங்கள். சவூதியிலோ கட்டாரிலோ இருப்பவருக்கு அது காப்புறுதிப் படிவத்துக்கும் உதவும்.

இப்போது கர்ப்பமாக இருந்து, வயிற்றில் ஏற்கெனவே ஒரு தழும்பும் இருக்கிறவர்கள், 20 வார ஸ்கேனில் இரண்டு கேள்வி கேளுங்கள். கொடி எங்கே இருக்கிறது? பழைய தழும்பின் மேல் இருக்கிறதா? பதிலை எச்-512இல் எழுதி வாங்குங்கள். கீழே என்று சொன்னால், 32ஆவது வாரத்துக்கான திகதியையும் அதே அட்டையில் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கிடையில் புத்தளம் போவதாக இருந்தால், போவதற்கு முன் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அட்டை சூட்கேசில் வேண்டாம், கைப்பையில் இருக்கட்டும்.